கொடிமலை இறங்கியதும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது: வாழைப்பழமா, உப்பா, வேறு ஏதாவதா?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவருக்கு வயது 43, பினாங்குக்காரர். ஞாயிறு காலையில் தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியாகக் கொடிமலை ஏறி இறங்குகிறார். வாரத்தில் இரண்டு நாள் ஓட்டமும் உண்டு. ஆண்டு இறுதியில் பினாங்குப் பாலத்து ஓட்டத்தில் 21 கிலோமீட்டர் ஓட ஆசை. மலை இறங்கி, காடியில் (காரில்) ஏறி உட்கார்ந்ததும் கெண்டைக்கால் இறுகிச் சுருட்டிக்கொள்கிறது. சில வாரம் அன்று இரவு தூக்கத்திலும் இழுக்கிறது. மனைவி வாழைப்பழம் சாப்பிடச் சொல்கிறார், மருந்துக் கடைக்காரர் மெக்னீசியம் வாங்கச் சொல்கிறார், கூட்டாளிகள் 100 பிளஸ் குடிக்கச் சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?

நான் பிசியோ. இதே புகாரோடு வருபவர்களை ஓயாமல் பார்க்கிறேன், அவர்களுக்குக் கிடைத்த ஆலோசனையும் பெரும்பாலும் இந்த மூன்றுதான். அடியோடு தவறு என்று எதையும் தள்ளமாட்டேன். ஆனால் மூன்றுமே வாய் வழியாகப் போகிற வைத்தியம், உங்கள் சிக்கலோ காலில் இருக்கிறது. பழக்கத்துக்கு மீறிய வேலையைக் கெண்டைக்கால் தசைக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அது களைத்துவிட்டது. களைத்த தசையை ஆளும் நரம்புக் கட்டுப்பாடு தடுமாறும்போதுதான் தசை இறுகிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அங்கிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

முதலில், பிடித்துக்கொண்ட அந்த நிமிடத்தில் என்ன செய்வது என்று பார்ப்போம். தசையை நீட்டுங்கள். இதைவிட வேகமாகவும் நிச்சயமாகவும் வேலை செய்யும் வழி இன்றுவரை இல்லை. காலை முன்னால் நீட்டி உட்காருங்கள், முழங்காலை நேராக்குங்கள், பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். கை எட்டவில்லை என்றால் துண்டையோ சட்டையையோ பாதத்தில் மாட்டி இழுக்கலாம். வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இறுகியிருக்கும் தசை கிழியக்கூடும். வலி தாங்குகிற அளவுக்கு இழுத்து அப்படியே அரை நிமிடம் பிடியுங்கள். இறுக்கம் தளர்கிறது என்று தெரிந்த பிறகும் உடனே விட்டுவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். சீக்கிரம் விட்டால் அடுத்த நிமிடமே திரும்ப வரும்.

கையால் இழுக்கும்போதே நீங்களும் கால்விரல்களை மேல்நோக்கித் தூக்க முயலுங்கள். முன்னங்கால் தசை வேலை செய்தால், அதற்கு எதிரே இருக்கிற கெண்டைக்கால் தசையை நரம்பு மண்டலமே தளர்த்திவிடும். பின்தொடையில் பிடித்தால் மல்லாந்து படுத்து முழங்காலை நீட்டிக் காலை உயர்த்துங்கள். முன்தொடையில் பிடித்தால் குதிகாலைப் பின்னால் மடக்கிப் பிட்டத்தோடு சேருங்கள். பக்கத்தில் இருப்பவர் உதவுவதானால் குதிகாலை ஒரு கையில் தாங்கி, மறு கையால் பாதத்தைத் தள்ளினால் போதும். ஃபுட்சால் மைதானத்தில் பார்க்கிறேனே, ஒருவர் விழுந்ததும் நான்கு பேர் ஓடிவந்து காலைக் குத்துவதும் உதறுவதும். அது வேண்டாம். இறுக்கம் விட்ட பிறகு இதமாக நீவிவிடலாம். கோடாலித் தைலம் (மின்யாக் காபாக்) தடவினால் எரிச்சல் வலியை மறக்க வைக்கும், ஆனால் பிடிப்பை விடுவிப்பது நீட்டல்தான்.

காடி ஓட்டும்போது பிடித்தால் சமாளித்துக்கொண்டே போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி நின்று நீட்டுங்கள். பத்து ஃபிரிங்கிக் கடலில் நீந்தும்போது பிடித்தாலும் இதே முறைதான்: மல்லாந்து மிதந்தபடி பாதத்தை முகத்தை நோக்கி இழுக்க வேண்டும்.

இனி காரணத்துக்கு வருவோம். உப்புக் குறைவால்தான் தசை இழுக்கிறது என்ற எண்ணம் ஆதாரமில்லாமல் வந்ததல்ல. 1920களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்கள் வியர்த்துக் கொட்டி, வெறும் தண்ணீரை நிறையக் குடித்து, தசைப்பிடிப்பில் துடித்தார்கள். குடிநீரில் உப்புக் கலந்து கொடுத்ததும் குறைந்தது. 1930களில் அமெரிக்காவில் ஹூவர் அணை கட்டிய தொழிலாளர்களிடமும் இதே நோயை மருத்துவர்கள் கண்டார்கள். நம் தாத்தாக்கள் தோட்டத்தில் வெயிலில் உழைத்துவிட்டு உப்புப் போட்ட கஞ்சி குடித்ததை இதோடு சேர்த்துப் பார்த்தால், அது நல்ல பழக்கமாகவே படுகிறது.

ஆனால் அவர்கள் நாள் முழுதும், நாள்தோறும் வியர்த்தவர்கள். நீங்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுது மலை ஏறுகிறவர். உடம்பு முழுவதும் உப்புக் குறைந்திருந்தால் ஏன் கெண்டைக்கால் மட்டும் இழுக்கிறது? ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் குடிக்காமல், வெறுமனே நீட்டியதும் ஏன் விட்டுவிடுகிறது? தென்னாப்பிரிக்க விளையாட்டு மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் 1997-இல் முன்வைத்த விளக்கம் இந்த இடத்தில்தான் பொருந்துகிறது. தசைக்குள் ‘சுருங்கு’ என்று தூண்டுகிற உணர்விகள் உண்டு. தசைநாணில் ‘போதும், விடு’ என்று அடக்குகிற உணர்விகள் உண்டு. தசை களைக்கும்போது தூண்டுதல் கூடுகிறது, அடக்குதல் குறைகிறது. அந்த நேரத்தில் தசை சுருங்கிய நிலையில் இருந்தால் தசைநாணில் இழுவை இருக்காது. அடக்கும் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். நீட்டினால் தசைநாணில் இழுவை வருகிறது, அடக்கும் உணர்வி விழித்துக்கொள்கிறது, பிடிப்பு விடுகிறது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டியாளர்களை வைத்து அவர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்விலும், தசைப்பிடிப்பு வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உடல்நீரிலோ உப்பிலோ சொல்லும்படியான வேறுபாடு இல்லை. ஏற்கெனவே இப்படி வந்திருப்பதும், வேகத்தைக் கூட்டி ஓடியதும்தான் பிடிப்பு வந்தவர்களிடம் காணப்பட்டன. இந்த விளக்கத்தோடு எல்லா ஆய்வாளர்களும் உடன்படவில்லை. கொளுத்தும் வெப்பத்தில் மணிக்கணக்காக வியர்ப்பவர்களுக்கு உப்பிழப்பும் சேர்ந்துகொள்கிறது என்போர் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் இரண்டும் உண்டு, ஆனால் களைப்புதான் பெரிய பங்கு.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் சொச்சம் செங்குத்தான தார்ப்பாதை. ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் உடம்பைத் தூக்குவது கெண்டைக்கால். இறங்கும்போது தொடை முன்தசை பிரேக் போடுகிறது, கெண்டைக்காலும் கூடவே உழைக்கிறது. கீழே வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் காடியில் ஏறி, முழங்காலை மடக்கி, பாதத்தை மிதியின்மேல் கீழ்நோக்கி வைக்கிறீர்கள். கெண்டைக்கால் தசை முழங்கால், கணுக்கால் என்று இரண்டு மூட்டைத் தாண்டிப் போகிற தசை. இரண்டும் ஒரே நேரத்தில் அதைச் சுருக்குகின்றன. களைத்த தசை, சுருங்கிய நிலை. பிடிப்பதற்கு வேறென்ன வேண்டும்? ஆகவே முதல் மாற்றம் காசு செலவில்லாதது. இறங்கியதும் உட்காராதீர்கள். பூங்காவின் சமதரையில் பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். பிறகு ஒரு சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையில் பதிய, முழங்காலை நேராக வைத்து அரை நிமிடம். அதே காலை முழங்கால் மடக்கி இன்னோர் அரை நிமிடம். நேராக வைத்தால் மேல்தசை நீளும், மடக்கினால் அடியில் இருக்கும் தசை நீளும். இரண்டும் வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை செய்துவிட்டுக் காடியில் ஏறுங்கள்.

வாழைப்பழத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல பழம், பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் தின்றபின் இரத்தத்தில் பொட்டாசியம் சற்றே ஏறவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது; உங்கள் பிடிப்போ சில நிமிடத்தில் முடிந்துவிடும். வியர்வையில் பெருமளவு போவது சோடியம், பொட்டாசியம் கொஞ்சம்தான். பசிக்குச் சாப்பிடுங்கள், மருந்தென்று சாப்பிட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாழைப்பழத்தையும் இளநீரையும் அளவின்றி உட்கொள்வது ஆபத்து. இளநீரிலும் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு.

மெக்னீசியம் மாத்திரைக்கு நல்ல வெள்ளி கேட்கிறார்கள். இருக்கிற ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2020-இல் புதுப்பிக்கப்பட்டது. வயதானவர்களுக்கு வரும் தசைப்பிடிப்பை மெக்னீசியம் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்க வாய்ப்பில்லை என்பதுதான் அதன் முடிவு. உடற்பயிற்சியால் வரும் பிடிப்புக்கு முறையான சோதனை ஒன்றுகூட அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வயிற்றுப்போக்கு வேறு வரும். உங்கள் நிலையில் நான் வாங்கமாட்டேன்.

அமெரிக்க விளையாட்டு வீரர்கள் ஊறுகாய்ச் சாறு குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சிரிக்க வேண்டாம், அதில் விஷயம் இருக்கிறது. 2010-இல் வெளிவந்த ஒரு சோதனையில், மின்தூண்டலால் காலில் பிடிப்பை உண்டாக்கி, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிலிட்டர் என்ற அளவில் வெள்ளரி ஊறுகாய்ச் சாறு கொடுத்தார்கள். தண்ணீர் குடித்தபோது ஆனதைவிட முக்கால் நிமிடத்துக்கும் முன்னதாகவே பிடிப்பு விட்டது. அதற்குள் உப்பு இரத்தத்தில் சேர்ந்திருக்க முடியாது, சேரவும் இல்லை. வாயிலும் தொண்டையிலும் புளிப்பும் காரமும் படும்போது எழும் நரம்பு எதிர்வினைதான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறார்கள். நம் வீட்டு எலுமிச்சை ஊறுகாயையோ, மாமாக் கடையின் புளிப்புப் பானமான லிமாவ் அசாம் போயையோ யாரும் இப்படிச் சோதித்ததாக நான் அறியேன். ஒரு வாய் கடுப்பாகக் குடித்துப் பார்ப்பதில் கெடுதல் இல்லை, இரத்த அழுத்தம் இல்லாதவர்களாக இருந்தால். காலை நீட்டிக்கொண்டே குடியுங்கள்.

கொய்னா (குவினைன்) மாத்திரையை மட்டும் தொடவே வேண்டாம். மலேரியாக் காலத்தில் தோட்டத்தில் விழுங்கிய அதே கொய்னா, கால் இழுப்புக்கும் பல நாடுகளில் கொடுக்கப்பட்டது. இரத்தத் தட்டுகளைத் தாக்கும், இதயத் துடிப்பைக் குலைக்கும் என்பதால் கால் பிடிப்புக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2006-இலும் 2010-இலும் எச்சரித்தது.

களைப்புதான் பெரிய பங்கு என்றேன்; தண்ணீரும் உப்பும் இரண்டாம் இடம். நம் ஊர் ஈரக்காற்றில் அந்த இரண்டாம் இடமும் சின்னதல்ல. வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது, இன்னும் வியர்க்கும். நீங்கள் எவ்வளவு இழக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் எளிய வழி: மலை ஏறுமுன் எடை பாருங்கள், இறங்கி வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால், குடித்ததற்கு மேல் ஒரு லிட்டர் போயிருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவு சோடியம், அதாவது சுமார் இரண்டரை கிராம் உப்பு. ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறும். கறுப்புச் சட்டையில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறதென்றால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கிற ரகம்.

1983-இல் எஃப் அண்ட் என் நிறுவனம் கொண்டுவந்த 100 பிளஸ் இன்று நம் ஊரில் ஓட்டக்காரர் பானமாகவே ஆகிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வியர்த்தால் அது பயன்படும், சர்க்கரையும் களைப்பைத் தள்ளிப்போடும். ஆனால் இந்த வகைப் பானங்களில் லிட்டருக்குச் சோடியம் அரை கிராம் சுற்றித்தான் இருக்கும், வியர்வையில் போவதில் பாதி. உண்மையிலேயே உப்புச் சேர வேண்டியவருக்கு, தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியான ஓஆர்எஸ் பொட்டலம் மலிவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும் இருக்கும். பொட்டலத்தில் எழுதியிருக்கிற தண்ணீர் அளவை மாற்றாதீர்கள். வீட்டில் மோரில் உப்புப் போட்டுக் குடித்து, இறங்கியபின் தோசையும் சாம்பாரும் பசியாறினால் பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

பயந்துகொண்டு தண்ணீரை மொடக் மொடக்கென்று குடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவுக்குக் கீழே போயிருந்தது, ஓட்டத்தில் எடை கூடியவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். அதாவது தேவைக்கு மேல் குடித்தவர்கள். தாகத்துக்குக் குடியுங்கள். ஓடி முடித்ததும் எடை ஏறியிருக்கக் கூடாது.

தைப்பூசம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த வாரம் என்னிடம் வருபவர்கள் வேறு ரகம். விரதம், வெறுங்கால், மணிக்கணக்காகத் தார்ச்சாலை, கடைசியில் தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகள். பத்துமலையின் 272 படிகளைவிட ஏறக்குறைய இரு மடங்கு. காவடி எடுப்பவர்கள் இரண்டு மாதம் முன்பே ஃபிளாட் மாடிப்படியில் பழகிக்கொள்வது நல்லது. படியில் விரல் நுனியால் ஏறாமல் முழுப் பாதத்தையும் பதித்து ஏறினால் சுமை கெண்டைக்காலிலிருந்து தொடைக்கும் இடுப்புக்கும் மாறும். தண்ணீர்ப் பந்தலில் சிரப்பும் மோரும் இருந்தால் மோரை எடுங்கள்.

இனி நிரந்தர வழி. கெண்டைக்காலை வலுவாக்குவதுதான் அது. மாடிப்படி ஒன்றின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, பிறகு மூன்று வரை எண்ணிக்கொண்டே மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். இரண்டு காலாலும் 15 முறை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். சுலபமானதும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். ஒற்றைக் காலில் நிறுத்தாமல் 20, 25 முறை செய்ய முடிகிறவருக்குக் கொடிமலை அவ்வளவு சுமையாக இராது. என்னிடம் வருகிறவர்களில் பலர் எட்டிலேயே நடுங்குகிறார்கள். மெதுவாக இறக்குவதை மட்டும் விட்டுவிடாதீர்கள், பலன் அதில்தான். தொடக்கத்தில் மறுநாளும் அதற்கு மறுநாளும் தசை வலிக்கும். அது பயிற்சி வலி, பிடிப்பு அல்ல.

வாரத்தில் இரண்டு நாள் சமதரையில் ஓடிவிட்டு ஞாயிறு நேரே மலை உச்சிக்குப் போவதுதான் உங்கள் திட்டத்தின் ஓட்டை. சில வாரம் பாதி மலை ஏறித் திரும்புங்கள், பிடிப்பு வராத தூரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். புதுச் சப்பாத்து வாங்கி அதன் குதிகால் பழையதைவிடத் தாழ்வாக இருந்தால் கெண்டைக்காலுக்கு அன்றே வேலை கூடும். அதையும் படிப்படியாகப் பழக்குங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். பாலத்து ஓட்டம் விடியுமுன் இருட்டில் தொடங்கும், காற்றும் கூட்டமும் சேர்ந்து முதல் கிலோமீட்டர்களில் ஆளை இழுத்துக்கொண்டு போகும். பயிற்சியில் ஓடிய வேகத்துக்கு மேல் அங்கே ஓடினால் திரும்பி வரும்போது கால் கணக்குக் கேட்கும். நடுப்பாலத்து ஏற்றத்தில் அடியைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

இரவுப் பிடிப்புக்கு: தூங்கும்போது பாதம் தானாகவே கீழ்நோக்கி நீண்டு கெண்டைக்கால் சுருங்கும், காடியில் நடந்த கதைதான். படுக்கப் போகுமுன் மேலே சொன்ன சுவர் நீட்டலைச் செய்யுங்கள். 55 வயதைத் தாண்டியவர்களைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு வாரம் படுக்குமுன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டியவர்களுக்கு இரவுப் பிடிப்பு குறைந்தது. குப்புறப் படுப்பவரானால் பாதத்தைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிடுங்கள். போர்வையை இறுக்கிச் செருகாதீர்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்? ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்து, நீட்டினாலும் விடாத வலி இருந்தால் அது இரத்தக் கட்டாக இருக்கலாம். நீண்ட பேருந்துப் பயணமோ விமானப் பயணமோ செய்தபின் என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள், நீவாதீர்கள், அன்றே போங்கள். கடும் பயிற்சிக்குப் பின் உடம்பெல்லாம் வலித்து, சிறுநீர் தே ஓ (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். குறிப்பிட்ட தூரம் நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டு, மறுபடி அதே தூரத்தில் பிடிக்கிறதென்றால் அது கால் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கக்கூடும்; புகைப்பவர்களும் இனிப்பு நீர் உள்ளவர்களும் இதைப் பயிற்சிக் குறை என்று விட்டுவிடக் கூடாது. 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18 விழுக்காட்டுக்கு மேல் நீரிழிவு இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். எனவே 43 வயதில், அடிக்கடி கால் இழுக்கிறது என்றால் அரசாங்கக் கிளினிக்கில் சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு, இரத்த உப்புகள் எல்லாம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போகவைக்கும் மாத்திரையோ கொலஸ்ட்ரால் மாத்திரையோ ஆஸ்துமா பம்போ பயன்படுத்தினால் அதையும் சொல்லுங்கள், இவற்றாலும் தசை பிடிக்கும். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்கட்டும்.